412 இருக்கட்டும், அப்போது மணி என்ன?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் செவலை என்று ஒரு கடுவன் பூனை, ஒன்பது வயது, காயடித்தது. இரண்டு மாதமாகத் தண்ணீர்ச் சட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறது. தின்பதற்குக் குறைவில்லை, உடம்பு மட்டும் வற்றிக்கொண்டே போகிறது. கொல்லை மண்ணில் அது ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்து அவருடைய அம்மாதான் முதலில் சந்தேகப்பட்டாராம். ராமநாதபுரம் கொண்டுபோய்க் காட்டியதில் ரத்தத்தில் சர்க்கரை 412, சிறுநீரிலும் சர்க்கரை. கிளார்ஜின் இன்சுலின் ஒரு யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, வீட்டிலேயே சுகர் பார்த்துக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். "அம்மாவுடைய மீட்டரே போதுமா அக்கா? பூனைக்கு எங்கே குத்துவது? எவ்வளவு இருந்தால் ஊசி போடலாம்?"

நான் மண்டபத்துக்காரி தம்பி. நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மனுஷர் விரலில் எத்தனை ஆயிரம் தடவை குத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பூனைக் காதில் குத்தக் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டு நெத்திலியால். குட்டியில் அந்த உருவத்தைப் பார்த்து வைத்த பேர்; ஆறரைக் கிலோவுக்கு ஊதின பிறகும் பேர் மாறவில்லை. எட்டு வயதில் அவனுக்குச் சுகர் வந்தது. அப்போதிலிருந்து எழுதின நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்சுலினைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை, அதில் நான் கை வைக்கவில்லை. அவர் கையில் நீங்கள் கொடுக்கும் எண் நம்பத்தக்க எண்ணாக இருக்க என்ன செய்யவேண்டும், அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த 412. சுகர் இல்லாத பூனைக்கு 80-லிருந்து 120 வரை இருக்கும், கொஞ்சம் முன்னே பின்னே. ஆனால் பூனை பயந்துவிட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று ஏறும். நோயே இல்லாத பூனைகூட ஆஸ்பத்திரி மேசையில் 300-ஐத் தாண்டிக் காட்டுவது உண்டு. செவலையைக் கூடையில் போட்டுக் கூடை வாயைத் துணியால் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, பாம்பன் பாலத்துக் காற்றையும் ஹாரனையும் கேட்க வைத்து, அங்கே போனால் வரிசையில் நாலு நாய். 412-இல் எவ்வளவு நோய், எவ்வளவு பயம் என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? அதற்காக நோயே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மாதத் தாகம், மெலிவு, எறும்பு, சிறுநீரில் சர்க்கரை எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. பூனையின் சிறுநீரில் சர்க்கரை இறங்க வேண்டுமானால் ரத்தத்தில் 250, 300 என்ற அளவைத் தாண்ட வேண்டும். அது பல நாளாக நடந்திருக்கிறது. ஆக, நோய் நிஜம், 412 மட்டும் சந்தேகம். உங்கள் டாக்டர் வீட்டில் பார்க்கச் சொன்னதும் இதனால்தான். நல்ல டாக்டர், விட்டுவிடாதீர்கள்.

அம்மாவின் மீட்டரைப் பற்றி. பயன்படுத்தலாம். நானும் மனுஷர் மீட்டர்தான் வைத்திருந்தேன். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையில் ஒரு பங்கு சிவப்பணுவுக்குள் இருக்கும், மற்றது வெளியே நீரில் இருக்கும். மனுஷருக்கு அந்தப் பங்கு ஒரு மாதிரி, பூனைக்கு வேறு மாதிரி. பூனைக்குப் பெரும்பாலும் வெளியேதான். மனுஷக் கணக்குக்குச் செய்த மீட்டர் அதனால் பூனையிடம் பொதுவாகக் குறைத்துக் காட்டும். எவ்வளவு குறைக்கும் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும், மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி. நீங்களாக இருபதோ முப்பதோ கூட்டிப் போட்டுக்கொள்ள வேண்டாம். மீட்டர் காட்டியதை அப்படியே எழுதுங்கள், "இது மனுஷர் மீட்டர்" என்று டாக்டரிடம் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். குறைத்துக் காட்டுவதிலும் ஒரு நல்லது உண்டு. சர்க்கரை நிஜமாகத் தாழ்வதற்கு முன்னாலேயே மீட்டர் கூப்பாடு போட்டுவிடும். பூனை நாய்க்கென்றே செய்த மீட்டரும் இருக்கிறது. எதை எடுத்தாலும் அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள், இன்று அம்மாவுடையது நாளை பக்கத்து வீட்டுக்காரருடையது என்று மாற்றினால் நோட்டு முழுக்கக் குப்பை. எந்த மீட்டருக்கும் நூற்றுக்குப் பதினைந்து அளவுக்குப் பிசகு அனுமதி உண்டு; 210 வந்ததும் 230 வந்ததும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதற்குப் போய்த் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மீட்டரை விட எனக்குப் பயம், அதில் செருகி ரத்தத்தைத் தொடுகிற ஸ்ட்ரிப் மேல்தான். நம் கடற்கரைக் காற்றில் உப்புப் பொட்டலமே இரண்டு நாளில் நசநசத்துவிடுகிறது, ஸ்ட்ரிப் எம்மாத்திரம்! டப்பாவின் மூடிக்குள் ஈரத்தை உறிஞ்சுகிற சரக்கு இருக்கிறது. மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பூனையைத் தேடிப் போனால் அதன் வேலை முடிந்தது. ஒன்றை எடுங்கள், டக்கென்று மூடுங்கள், பிறகு பூனையைப் பிடியுங்கள். பெரும்பாலான ஸ்ட்ரிப்புக்கு 30 டிகிரிக்கு மேல் ஆகாது என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். சித்திரை வைகாசியில் நம் வீட்டு அலமாரி அதைத் தாண்டும். ஃபிரிட்ஜுக்குள்ளும் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். வீட்டிலேயே குளிர்ந்த, காற்றோட்டமான, அடுப்பங்கரைக்குத் தூரமான மூலையில் வையுங்கள். ஒருமுறை மழைக்காலத்தில் நெத்திலிக்குத் தொடர்ந்து தாறுமாறாக எண் வந்தது, ஒரே காதில் ஐந்து நிமிட இடைவெளியில் 140-உம் 260-உம். பூனையைத் திட்டிக்கொண்டிருந்தேன். புது டப்பா உடைத்ததும் சரியாகிவிட்டது.

சரி, குத்துவதற்கு வருவோம். இடம் காது. காதின் வெளிப்புறம், முடி இருக்கிற பக்கம், ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய ரத்த நரம்பு கோடு மாதிரி ஓடும். பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், செவலை நிறத்துக்கு நன்றாகவே தெரியும். அந்த நரம்பிலேயே குத்தக் கூடாது. நரம்புக்கும் காதோரத்துக்கும் நடுவில் இருக்கிற நூலளவு இடத்தில் குத்த வேண்டும். உள்பக்கத்தில் மடித்த பஞ்சு ஒன்றைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஊசி காதைத் தாண்டி உங்கள் விரலில் ஏறும். பிறகு யாருடைய சுகரைப் பார்த்தோம் என்றே தெரியாது.

நான் செய்த முதல் தப்பு, ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் காதை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தது. அந்த வாடைக்கே நெத்திலி பரணில் ஏறிவிட்டான், இறங்கினது ராத்திரிதான். ஸ்பிரிட் எரியும், காயாமல் ரத்தத்தில் கலந்தால் எண்ணும் கெடும். வேண்டவே வேண்டாம். வெறும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும், அழுக்கும் போகும், காதும் சூடாகும். காது சில்லென்று இருந்தால் நீங்கள் எத்தனை குத்து குத்தினாலும் ரத்தம் வராது. மே மாதத்தில் இது தேவைப்படாது, மார்கழிக் காலையில் தேவைப்படும். பழைய சாக்ஸில் ஒரு பிடி அரிசியைப் போட்டுத் தோசைக்கல்லில் லேசாகச் சூடுகாட்டி, உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அரை நிமிஷம் காதில் வையுங்கள். அப்புறம் வாசலின் ஒரு சொட்டு, காதோரத்தில் மெழுகின மாதிரி. முடியில் ரத்தம் இழுவிப் போகாமல் முத்துப் போல நிற்பதற்கு.

லான்செட்டை, அதாவது குத்துகிற அந்தச் சின்ன ஊசியை, துப்பாக்கி மாதிரி இருக்கும் அந்தக் கருவியில் போட்டு அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, பல பூனைக்கு வலியை விட அந்தச் சத்தம்தான் பயம். நான் லான்செட்டைக் கையால் பிடித்தே குத்தினேன். முதல் வாரத்துக்கு மிக மெல்லிய 30-ஐ விட, கொஞ்சம் தடித்த 28 சுலபம். காது குத்திக் குத்திப் பழகிவிட்டால் ரத்தம் தானாகவே சீக்கிரம் வர ஆரம்பிக்கும், அப்போது மெல்லியதுக்கு மாறலாம். துளி வந்ததும் ஸ்ட்ரிப்பின் நுனியைத் துளியிடம் கொண்டுபோங்கள், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். கடுகளவு ரத்தம்கூட வேண்டாம். முடிந்ததும் பஞ்சை வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள், இல்லாவிட்டால் காது கன்றிப்போகும்.

கையைக் கழுவிவிட்டு உட்காருங்கள் என்று தனியே சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன், ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். டீ கலந்த கையோடு வந்து ஸ்ட்ரிப்பைத் தொட்டு 480 பார்த்து அலறியிருக்கிறேன். சீனி என் விரலில் இருந்தது.

முதல் மூன்று நாள் காதில் குத்தவே வேண்டாம்; அந்த நாட்களில் இன்சுலினை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே பாய், ஒரே இடம், ஒரே நேரம். காதைத் தடவுவது, மீட்டரின் பீப் சத்தத்தைக் கேட்க வைப்பது, முடிந்ததும் வேகவைத்த மீன் ஒரு துண்டு. அவ்வளவுதான். நாலாம் நாள் பீப் கேட்டதும் மீனுக்காக நெத்திலியே பாயில் வந்து உட்கார்ந்தான். இரண்டு தடவை குத்தியும் வரவில்லை என்றால் அந்த வேளை விட்டுவிடுங்கள், இன்சுலினுக்கு டாக்டரைக் கேளுங்கள். மல்லுக்கட்டினால் பூனைக்குப் பயம், பயத்தில் சர்க்கரை ஏறும், ஆஸ்பத்திரிக் கதை வீட்டிலும் வந்துவிடும்.

இப்போது எப்போது பார்ப்பது என்பது. காது பழகிய பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் ஒன்று, அதை விடவே கூடாது. அது மருந்தின் அளவை முடிவு செய்ய இல்லை. இன்றைக்கு ஊசி போடுவது ஆபத்தில்லையா என்று பார்க்க. மருந்து போதுமா கூடவா என்பதைச் சொல்வது நடுவில் சர்க்கரை எவ்வளவு தாழ்ந்தது என்கிற எண். நெத்திலி நோட்டில் ஒரு நாளை அப்படியே தருகிறேன். காலை 6 மணி ஊசிக்கு முன் 318. 8 மணிக்கு 270. 10-க்கு 190. 12-க்கு 124. மதியம் 2-க்கு 110. 4-க்கு 168. மாலை 6-க்கு 276. காலை 318-ஐ மட்டும் பார்த்திருந்தால் யாராக இருந்தாலும் "மருந்து பத்தவில்லை, கூட்டு" என்றுதான் சொல்வார்கள். கூட்டியிருந்தால் மதியம் அந்த 110 எங்கே போய் நின்றிருக்கும்? தாழ்கிற எண் 80-க்கும் 150-க்கும் நடுவில் நின்று, மேலே போவது 300 சுற்றிலேயே இருந்தால் பூனை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இப்படி 12 மணி நேரம், இரண்டு மணிக்கு ஒருமுறை குத்துவதை, டாக்டர் சொன்ன நாளில் மட்டும் செய்தால் போதும். மற்ற நாளில் காலை, மாலை ஊசிக்கு முன் ஒவ்வொன்று, வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஊசி போட்ட ஐந்தாறு மணி நேரத்தில் ஒன்று. எண்ணுக்குப் பக்கத்தில் மணி, ஊசி போட்ட மணி, தின்றதா இல்லையா, மூன்றையும் எழுதுங்கள். மணி இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு டாக்டர் ஒன்றும் செய்ய முடியாது. மருந்தின் அளவு மாறினாலும் உடம்பு அதற்குப் பழக ஐந்தாறு நாளாவது ஆகும், மறுநாளே பலன் தெரியவில்லை என்று போன் போடாதீர்கள்.

எவ்வளவு இருந்தால் ஊசி என்று கேட்டீர்கள். அந்தக் கோட்டை உங்கள் டாக்டரிடம் எண்ணாகவே கேட்டு வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். தொடக்கத்தில் எனக்குப் போட்டுக்கொடுத்த கோடு 200. அதற்குக் கீழே இருந்தால் ஊசியும் இல்லை, சாப்பாடும் இல்லை. அரை மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். ஏறிக்கொண்டு 200-ஐத் தாண்டியிருந்தால் போடலாம். ஏறாமல் நின்றால் சாப்பாட்டை மட்டும் வைத்துவிட்டு, அந்த வேளை ஊசியை விட்டுவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஒரு வேளை ஊசி தவறியதால் பூனை செத்ததில்லை. ஊசி உள்ளே போயிற்றா முடியில் போயிற்றா என்று சந்தேகமாக இருந்தாலும் மறுபடி போடக் கூடாது. தின்ன மறுத்தாலும் வாந்தி எடுத்தாலும் போன் போட்டுக் கேட்காமல் ஊசி வேண்டாம்.

கூடின சர்க்கரை மாதக் கணக்கில் அரிக்கும், குறைந்த சர்க்கரை அன்றைக்கே ஆளை எடுத்துவிடும். எனக்கு அது நடந்தது. பூனைக்குச் சோறு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரே நாளில் மீன்சோற்றை நிறுத்தி வெறும் மீனும் கோழியும் போட்டேன், இன்சுலினைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் திண்ணையில் நெத்திலி கள் குடித்தவன் மாதிரி பின்னங்கால் பின்ன நடந்தான். கூப்பிட்டால் திரும்பவில்லை. மீட்டரில் 43. குளுக்கோஸ் பவுடரைக் கெட்டியாகக் குழைத்து ஈறில் தேய்த்தேன். வாய்க்குள் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். வலிப்பு வந்திருந்தால் பல்லுக்கு நடுவில் விரலைக் கொடுக்காமல் கன்னத்தின் உட்புறத்தில் மட்டும் தடவ வேண்டும். பத்து நிமிஷத்தில் தலையைத் தூக்கினான், விழுங்கினான், பிறகு சாப்பாடு வைத்தேன். அதோடு முடியாது. இன்சுலின் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், கால் மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே டாக்டரிடம் போனோம். மீட்டரில் 60-க்குக் கீழே போனாலும், எண் என்னவாக இருந்தாலும் தள்ளாட்டம் தெரிந்தாலும், முதலில் இனிப்பு, அப்புறம் போன். தேனும் ஆகும். நம் ஊரில் கருப்பட்டி இல்லாத வீடு ஏது, அது ஆகாதா என்று கேட்பீர்கள். கருப்பட்டியில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், குடலுக்குப் போய் உடைந்த பிறகுதான் ரத்தத்தில் ஏறும். வேறொன்றும் கையில் இல்லையென்றால் அதையாவது குழைத்துத் தடவுங்கள், ஆனால் குளுக்கோஸ் பவுடர் ஒரு பொட்டலம் மீட்டரோடேயே இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு இதுதான் பெரிய கவலை: சிரிஞ்ச். நம் நாட்டில் மெடிக்கல் கடையில் சாதாரண இன்சுலின் குப்பி மில்லிக்கு 40 யூனிட், கிளார்ஜின் மில்லிக்கு 100. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. கிளார்ஜினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு எடுத்தால் போவது ஒரு யூனிட் இல்லை, இரண்டரை யூனிட். நாலரைக் கிலோப் பூனைக்கு அது விளையாட்டில்லை. எனக்கே ஒரு கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், பழக்கத்தில் மூடியைப் பார்த்ததால் தப்பித்தேன். அரை யூனிட்டுக்கும் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்ச் கிடைத்தால் விடாதீர்கள். கிளார்ஜினை எதோடும் கலக்கக் கூடாது, தண்ணீர் விட்டுக் கரைக்கவும் கூடாது. ஃபிரிட்ஜ் கதவுத் தட்டில் வையுங்கள். பின்சுவரை ஒட்டி வைத்து உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தாலே பல மணி நேரம் தாங்கும்.

சாப்பாடு தனிக் கதை, ஆனால் மீட்டரைத் தொடுவதால் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன்தான், விலையும் ஏறும். அப்போது நம் வீடுகளில் பூனைத் தட்டில் மீன் குறைந்து சோறு கூடும், பால் வரும், டீயில் நனைத்த பிஸ்கட்கூட வரும். நெத்திலி நோட்டில் தடைக்காலத்துப் பக்கங்களைப் பார்த்தாலே தெரியும், எல்லா எண்ணும் மேலே. தடை முடிந்து காரலும் சாளையும் கூடை கூடையாக வரும்போது எண் இறங்கும். அந்த வாரம்தான் சுதாரிப்பாக இருக்க வேண்டும். மாவுச்சத்தைக் குறைப்பது பூனைக்கு நிஜமாகவே நல்லது. கடையில் விற்கும் மொறுமொறு தீனியிலும் மாவு நிறைய. ஆனால் குறைப்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஒரு வாரம் பத்து நாளாகப் படிப்படியாக, தினமும் குத்திப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். மீனை வேகவைத்துக் கொடுங்கள். சில பச்சை மீனில் பி1 சத்தை அழிக்கிற சரக்கு இருக்கிறது. வெறும் மீனே முழுச் சாப்பாடு ஆகாது, கோழியும் ஈரலும் கலந்து வரட்டும். கருவாடு வேண்டாம்.

கீட்டோன், அதாவது உடம்பு சர்க்கரையை எடுத்துக்கொள்ள முடியாமல் கொழுப்பை எரிக்கும்போது சேருகிற சரக்கு, அதைப் பார்க்கிற சிறுநீர் ஸ்ட்ரிப் ஒரு டப்பா வாங்கி வையுங்கள். சர்க்கரை 300-க்கு மேலேயே நின்று, பூனையும் தின்னாமல் சுருண்டு படுத்தால் பாருங்கள். மண்ணில் பெய்தால் உறிஞ்சிவிடும், அதனால் பெய்யும்போதே பின்னால் போய்க் குழிக்கரண்டியை நீட்ட வேண்டும். சிரிக்காதீர்கள், இரண்டாம் தடவை பழகிவிடும். கரண்டியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கீட்டோன் காட்டினால் அன்றைக்கே டாக்டர், விடியட்டும் என்று பார்க்கக் கூடாது.

தோலில் ஒட்டி 14 நாள் தானாகப் பார்க்கிற சென்சாரும் இருக்கிறது, மனுஷருக்குச் செய்ததைப் பூனைக்கும் ஒட்டுகிறார்கள். முடியை மழித்து ஒட்ட வேண்டும். பல பூனைகள் 14 நாள் விட்டுவைப்பதில்லை, பிய்த்துவிடும். 40-க்குக் கீழே அது எண் காட்டாது, தாழ்வாகக் காட்டினால் காதில் குத்தி உறுதி செய்ய வேண்டும். காசு இருந்தால் தொடக்கத்தில் ஒன்று ஒட்டிப் பார்க்கலாம். எனக்குக் காதே போதுமாக இருந்தது.

இன்னொரு நல்ல செய்தி. சீக்கிரமே கண்டுபிடித்து, சாப்பாட்டையும் சர்க்கரையையும் ஒழுங்கில் கொண்டுவந்தால், சில பூனைகளுக்குச் சில மாதத்தில் இன்சுலினே தேவையில்லாமல் போகிறது. நெத்திலிக்கு ஐந்தாம் மாதம் ஊசிக்கு முன் எண் 130, 120 என்று வர ஆரம்பித்தது. வீட்டில் பார்க்காமல் இருந்திருந்தால் பழைய அளவையே போட்டுக் கொன்றிருப்பேன். டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். ஒன்றரை வருஷம் ஊசி இல்லாமல் இருந்தான். வாரம் ஒருமுறை காதில் குத்துவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. மறுபடி ஏற ஆரம்பித்ததும் அதனால்தான் உடனே தெரிந்தது.

வாரம் ஒருமுறை எடையும் பாருங்கள். கூடையோடு தொங்கவிட்டு மீன் நிறுக்கிற தராசு போதும், கூடை எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரத்து எண்களை மணியோடு எழுதி முடித்ததும், அம்மாவிடம் பூனையை விட்டுவிட்டு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் பஸ் ஏறுங்கள். டாக்டர் கேட்டால் ஒழிய செவலை பாலம் தாண்ட வேண்டாம்.